பழைய உருக்கா, புதிய உருக்கா: கிளிநொச்சி–தருமபுரம் ஓட்டத்துக்கு ஒரு சைக்கிள் தெரிவு

தேவை இதுதான். கிளிநொச்சி நகரில் இருந்து தருமபுரம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குத் தினமும் போய்வரும் ஓர் ஆசிரியருக்கு உருக்குப் பிறேம் உள்ள றோட் சைக்கிள் வேண்டும். ஏ9 வழியே பரந்தன் வரை 5 கி.மீ. அளவு. அங்கே கிழக்கே திரும்பி முல்லைத்தீவு வீதியில் இன்னும் 12, 13 கி.மீ. கடைசி ஒன்றரை கி.மீ. கிரவல், மிச்சமெல்லாம் தார். ஆளின் உயரம் 168 செ.மீ., உட்கால் உயரம் 78 செ.மீ., எடை 65 கிலோ. புத்தகம், சாப்பாடு, மழைக்கோட்டு எல்லாம் சேர்த்து 6 கிலோ சுமை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் மோட்டார் சைக்கிளை மூலையில் சாத்திவிட்டு மிதிக்கத் தொடங்கியவர், பிறகும் விடவில்லை.

கையில் அகப்பட்டவை இரண்டு. ஒன்று 1980களில் ஜப்பானில் செய்தது. காதுப்பட்டையில் (குழாய்கள் சேரும் மூட்டு உறையில்) பித்தளை ஒட்டு வைத்த குரோமோலி (குரோமியமும் மொலிப்டினமும் கலந்த உருக்கு) பிறேம், 27 அங்குலச் சில்லு, 6 பல்லுப் பிறீவீல் (பின்னால் ஆறு பல்லுச் சக்கரம்), குறுக்குக் குழாயில் இல்லாமல் சாய்வுக் குழாயில் கியர் நெம்பு. மற்றது புதியது. அதுவும் குரோமோலிதான், ஆனால் டிக் வெல்டிங், கம்பி இழுக்கும் டிஸ்க் பிறேக், 700×35 ரயர், 9 பல்லு, பிறேக்கும் கியரும் ஒரே கைப்பிடியில். கொழும்பில் சொல்லி எடுப்பிக்க வேண்டும். பழையதற்குக் கேட்ட விலை புதியதில் நாலில் ஒரு பங்கு. நாலில் ஒன்று என்றதும் மனம் பழையதன் பக்கம் சாயும். அது கேட்ட விலை மட்டுமே. ஓடுநிலைக்குக் கொண்டுவரும் விலை வேறு.

உருக்கைப் பற்றிய கதைகள்

‘அந்தக் காலத்து இரும்பு மாதிரி வராது’ என்பார்கள். ‘பழைய இரும்பு களைத்துப் போயிருக்கும்’ என்றும் சொல்வார்கள். இரண்டும் பொருந்தாது. சாதாரண குழாயோ, குரோமோலியோ, இங்கிலாந்துக் குழாய்க் கம்பனியான ரெனோல்ட்ஸ் 1935இல் கொண்டுவந்த 531ஓ, 1995இல் கொண்டுவந்த 853ஓ, உருக்கின் விறைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். மாறுவது பலம். பலம் கூடினால் குழாயின் சுவரை மெல்லியதாக இழுக்கலாம், நிறை குறையும். விறைப்பை மாற்றுவது குழாயின் விட்டம். பழைய பிறேம்களில் மேற்குழாய் 25.4 மி.மீ., சாய்வுக் குழாய் 28.6 மி.மீ. என்பது வழக்கம். புதியவற்றில் சாய்வுக் குழாய் 31.8 அல்லது அதற்கு மேல். ஒரே தடிப்புச் சுவரென்றால் வளைவுக்கு எதிரான விறைப்பு விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 28.6இலிருந்து 31.8க்குப் போனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். பழையது ‘மென்மையாக’ ஓடுவதாகத் தோன்றுவதற்குக் காரணம் மெல்லிய குழாய். அதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

குழாயின் தரத்தை ஸ்ரிக்கரை நம்பி முடிவுசெய்ய வேண்டாம். பெயின்ற் அடித்துப் புதுஸ்ரிக்கர் ஒட்டுவது பெரிய வேலையல்ல. சீற் தண்டை வெளியே எடுத்து அதன் விட்டத்தை வேணியர் இடுக்கியால் அளந்தால் போதும். இருக்கைக் குழாயின் வெளிவிட்டம் 28.6ஆக இருக்கும்போது தண்டு 27.2, 27.0, 26.8 என்று வந்தால் சுவர் மெல்லியது, நல்ல குழாய். 26.2க்குக் கீழே, 25.4 வரை வந்தால் தடித்த சாதாரண குழாய். இந்தப் பழையதில் 26.8. கேட்ட விலைக்கு நியாயமான பிறேம்.

பழையதைச் சோதித்த வரிசை

முதல் வேலை, சீற் தண்டும் ஹாண்டில் தண்டும் அசைகிறதா என்று பார்ப்பது. வேறெதுவும் இதற்கு முன் இல்லை. அலுமினியத் தண்டு உருக்குக் குழாய்க்குள் கிறீஸ் இல்லாமல் இருபது, முப்பது வருடம் இருந்தால், உப்பும் ஈரமும் சேர்ந்து அலுமினியத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். அந்தப் பொடி, இருந்த உலோகத்தைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். அதனால் தண்டு ஆப்பு அடித்தது போல இறுகிவிடும். கடல் உப்புக்காற்று பட்ட சைக்கிளில் இது சாதாரணம். ஆனையிறவைத் தாண்டித் தினமும் ஓடிய வண்டியென்றால் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இந்த வண்டியின் ஹாண்டில் தண்டு பழைய முறையில், போர்க் (முன்சில்லைப் பிடிக்கும் கவர்) குழாய்க்குள் ஆப்பு வைத்து இறுக்கியது. மேலே உள்ள பொல்ட்டைக் கழற்றி வெளியே எடுத்துவிட்டு ஹாண்டிலைத் திருகுவதுதான் பலர் விடும் பிழை. அப்படிச் செய்தால் ஆப்பு உள்ளே இறுகியபடியே இருக்கும். பொல்ட்டை இரண்டு சுற்று மட்டும் தளர்த்தி, தலையில் மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் ஒரு அடி. ஆப்பு கீழே விழும், தண்டு சுழலும். இதில் அப்படியே வந்தது.

சீற் தண்டு வரவில்லை. ஊடுருவும் ஓயிலை விளிம்பைச் சுற்றி விட்டு, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கிராங்க் அச்சுக் குழல் வழியாக உள்ளேயும் விட்டு ஓரிரவு வைத்தார்கள். மறுநாள் பழைய சீற்றையே நெம்புகோலாகப் பிடித்து இடமும் வலமுமாக அசைக்க, கிறீச்சென்ற சத்தத்தோடு விட்டது. விற்பவரின் முற்றத்திலேயே இது நடந்தது என்பது முக்கியம். ‘வீட்டில் கொண்டுபோய்க் கழற்றலாம்’ என்று காசைக் கொடுத்துவிட்டால், கழன்று வராவிட்டாலும் பிறேம் உங்களுடையது. வராத தண்டை கோஸ்டிக் சோடா ஊற்றிக் கரைக்கும் வழக்கமும் உண்டு. ஆனையிறவு உப்பை வைத்துப் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஒருகாலத்தில் செய்த அதே பொருள்தான். அலுமினியம் கரையும், உருக்கு நிற்கும் என்பது உண்மை. தோலையும் கண்ணையும் எரிக்கும், எரியக்கூடிய வாயு கிளம்பும் என்பதும் உண்மை. வீட்டு முற்றத்தில் செய்யும் வேலையல்ல.

தண்டு வந்ததும் பிறேமைத் தலைகீழாகத் தட்டிப் பார்க்க வேண்டும். மண்ணிறத் தூசு கொட்டினால் பரவாயில்லை. செதில் செதிலாக வந்தால், அதிலும் கிராங்க் அச்சுக் குழலுக்குள் கட்டியாக நின்றால், வேண்டாம். அடுத்து, சாய்வுக் குழாயும் மேற்குழாயும் தலைக்குழாயைச் சேரும் இடத்துக்குப் பின்னால் இரண்டு, மூன்று அங்குலத்தில் விரலால் தடவ வேண்டும். முன்னால் மோதிய வண்டியில் கீழ்ப்பக்கம் பெயின்ற் சுருங்கி, மெல்லிய வீக்கம் கைக்குத் தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். மாடு குறுக்கே வந்து மோதிய வண்டிகள் வன்னியில் குறைவா என்ன?

பிறேம் நேரா என்று பார்க்க நூல். ஒரு பின் அச்சுக் கவ்வியில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மற்றக் கவ்வியில் கட்டுங்கள். இருக்கைக் குழாயிலிருந்து இரு பக்க நூலுக்கும் உள்ள தூரத்தை அளந்தால் வித்தியாசம் ஒரு மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இதில் அரை மி.மீ.

கிராங்க் அச்சு ஆங்கில மரை, 68 மி.மீ. அகலம். வலப்பக்கக் கப் எதிர்மரை. இது தெரியாமல் வழக்கமான பக்கம் திருகியதால் மரை தேய்ந்த வண்டிகள் உண்டு. இத்தாலிய மரையாக இருந்தால் (70 மி.மீ. அகலம், இரு பக்கமும் வலமரை) வன்னியில் கப் தேடி அலைய வேண்டும். கொட்டர் ஆணி (கிராங்கை அச்சில் பிடிக்கும் ஆப்பு ஆணி) அடித்த கிராங்கும் ஒருவகைத் தரக்குறிப்பு: பெரும்பாலும் பிறேமும் தடித்த குழாய்தான்.

ரயர்: எண்ணைப் பாருங்கள், அங்குலத்தை நம்ப வேண்டாம்

பழைய வண்டி வாங்குபவரை விழுத்துவது பெரும்பாலும் பிறேமல்ல, றிம். ‘27’ என்று ரயரில் இருக்கும். ஆனால் 27×1¼ இன் றிம்மில் ரயர் அமரும் விட்டம் 630 மி.மீ. ஜப்பானில் இருந்து வரும் நகரச் சைக்கிள்களில் 27×1⅜ என்று போட்டிருப்பது 609. ஒன்றில் மற்றது ஏறாது. எங்கள் ஊர் டபிள்பார் சைக்கிளின் 28×1½ என்பது 635. 26×1⅜ என்பது 590. இப்போது உலகம் முழுக்க றோட் சைக்கிளுக்கு வரும் 700சி, 622. ரயர் ஓரத்தில் கோடு போட்டு அச்சடித்த இரண்டு எண்களில் பின்னுள்ள மூன்று இலக்கம்தான் பேசும். 32-630 என்றால் 630. மற்றதெல்லாம் வியாபாரப் பெயர்.

630 ரயர் கிடைக்காது என்றில்லை. ஆனால் கிளிநொச்சியில் ஒரு கடையில் ஒரு வகை இருக்கும், அது முடிந்தால் கொழும்புக்குச் சொல்ல வேண்டும். அகலம் 32 மி.மீ.க்கு மேல் தேர்வும் இல்லை. ரியூப் கவலையில்லை, 700சி ரியூப் 630இலும் ஓடும். இந்த வண்டியின் றிம் குரோம் பூசிய உருக்கு வேறு. மழையில் உருக்கு றிம்மில் பிறேக் கட்டை வழுக்கும், அலுமினிய றிம்மோடு ஒப்பிட்டால் நிற்க எடுக்கும் தூரம் பலமடங்காகும். மாரியில் முல்லைத்தீவு வீதியில் பஸ்ஸோடு ஓட வேண்டிய ஆளுக்கு இது விருப்பத்துக்கு விடுகிற விஷயமல்ல. சில்லு இரண்டும் மாற வேண்டும், மாறும்போது 622ஆக மாற வேண்டும்.

புதியது

புதியதில் சோதிக்க அவ்வளவு இல்லை. அது ஒரு வசதி, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். 35 மி.மீ. ரயரோடு மட்காட் போடவும் இடமிருந்தது. கரியருக்குத் துளையும் மரையும் இருந்தன. பின் அச்சு 135 மி.மீ., விரைவாகக் கழற்றும் வகை. 142இல் 12 மி.மீ. ஊடச்சு வரும் மொடல் என்றால் சில்லு நெளிந்தால் ஊர்க்கடையில் மாற்றுச் சில்லே இராது. அந்த வகையில் இது பிழைத்தது. கம்பி டிஸ்க் என்பதும் நல்லது. எண்ணெய் டிஸ்க்கில் காற்றுப் புகுந்தால் கிளிநொச்சியில் யாரிடம் கொண்டுபோவது?

குறைகள் மூன்று. டிஸ்க் பாட் சிறிய கடைகளில் இல்லை. மணலும் செம்மண் சேறும் கலந்தால் அது விரைவில் தேயும், எனவே இரண்டு சோடி முன்கூட்டி வாங்கி வைக்க வேண்டும். 9 பல்லுச் செயின் 6, 7, 8 பல்லுச் செயினைவிட ஒடுக்கம். ஊர்க்கடையில் தொங்குவது பின்னதுதான். பெரிய குறை கைப்பிடிக் கியர். உள்ளே கம்பி நார்நாராகப் பிரிந்து ஒரு துண்டு சிக்கினாலோ, பழைய கிறீஸ் புழுதியோடு காய்ந்தாலோ, கியர் விழாது. ஓயில் விட்டுக் கழுவினால் சிலசமயம் மீளும். உடைந்தால் பழுது பார்ப்பது கிடையாது, முழுதாக மாற்றுவதுதான். பழையதன் உராய்வு நெம்பில் படிகளே இல்லை. 6 பல்லோ 8 பல்லோ, பின்னால் என்ன போட்டாலும் கையால் பார்த்து நிறுத்தலாம். கியர் தொங்கு (பின் கியர் மாற்றி தொங்கும் கொளுவி) சற்று வளைந்திருந்தாலும் வீடு வந்து சேரும்.

அளவில் இரண்டும் பொருந்தின. பழையதற்கு உட்கால் உயரத்தை 0.67ஆல் பெருக்கினால் இருக்கைக் குழாயின் நீளம் கிட்டும்: 52.3 செ.மீ. பிறேம் 53. புதியதில் மேற்குழாய் சரிந்திருப்பதால் அந்தக் கணக்கு உதவாது, கைநீட்டத்தைப் பார்க்க வேண்டும். 54 என்று எழுதியிருந்த பிறேம் இவருக்குச் சற்று நீளம். ஹாண்டில் தண்டை 80 மி.மீ.க்கு மாற்றினால் சரி.

கியர் விகிதத்தில் வன்னிக்கு மலை இல்லை, காற்று உண்டு. சோளகம் அடிக்கும் மாதங்களில் பின்னேரம் திரும்பும்போது, பரந்தனில் தெற்கே திரும்பியதும் முகத்தில் அறையும். பழையதன் முன்பல் 52/42, பின்பல் 14–28. சமவெளியில் 42×18இல் நிமிடத்துக்கு 80 மிதி போட்டால் மணிக்கு 24 கி.மீ. எதிர்காற்றில் 42×28 வரை இறங்கலாம், அது 1.5 விகிதம். புதியதில் 34×32, அதாவது ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று. இந்தத் தெருவுக்கு அவ்வளவு தாழ்வு தேவையில்லை.

தெரிவும் வேலையும்

பழையதை எடுப்பதென்று முடிவாயிற்று. காரணம் தார் வீதி, சுமை குறைவு, பிறேம் நேர். உடைந்தால் மாற்றக்கூடிய உறுப்பெல்லாம் நடந்துபோகும் தூரத்தில். கிராங்க் அச்சுக்கு ஒரு பக்கம் ¼ அங்குலக் குண்டு 11, பின் சில்லுக்கு ஒரு பக்கம் ¼ அங்குலம் 9, முன் சில்லுக்கு ³⁄₁₆ அங்குலம் 10. எந்தச் சைக்கிள் கடையிலும் கிண்ணத்தில் கிடக்கும் குண்டுகள் இவை.

பின் கவ்விகளுக்கு இடைவெளி 126 மி.மீ. அதே அகலத்தில் பிறீவீல் கொத்தோடு (சில்லின் நடுக் குடத்தோடு) நிறுத்தியிருக்கலாம், மலிவு. ஆனால் பிறீவீல் கொத்தில் வலப்பக்கப் பெயரிங் பல்லுச் சக்கரத்துக்கு உள்ளே தள்ளி இருக்கும். அச்சின் அந்த முனை தாங்கல் இல்லாமல் நீளும். குழியில் விழுந்தால் வளையும், பிறகு முறியும். கசெற் கொத்தில் பெயரிங் ஓரத்துக்கு வந்துவிடுவதால் அந்தத் தொல்லை இல்லை. எனவே 130 மி.மீ. கசெற் கொத்து, 8 பல்லு 12–28, 36 கம்பி, 622 அலுமினிய றிம்.

126ஐ 130 ஆக்க, பக்கத்துக்கு 2 மி.மீ. விரிக்க வேண்டும். உருக்கு இதைத் தாங்கும். அலுமினியப் பிறேமில் செய்யவே கூடாது, வெடிக்கும். மரைக் கம்பியில் நட் வைத்து இரு பக்கத்தையும் ஒருமிக்கத் தள்ளுவது இலகுபோலத் தெரியும். ஆனால் மெலிந்த பக்கம் மட்டும் விரிந்து பிறேம் கோணும். நீளமான 2×4 அங்குல மரச்சட்டத்தை இருக்கைக் குழாயில் முட்டுக்கொடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் மெல்ல நெம்ப வேண்டும். உருக்கு திரும்பி வரும், கொஞ்சம் கூட்டி நெம்பி, விட்டு, அளக்க வேண்டும். அந்தப் பக்கம் 2 மி.மீ. வந்ததும் மற்றப் பக்கம். பிறகு மீண்டும் நூல். கவ்விகள் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கும்படி திருத்தி, கடைசியாகக் கியர் தொங்கு. இதைச் செய்யாமல் சில்லைக் கையால் விரித்துப் போட்டவர்களும் ஓடுகிறார்கள், ஆனால் பஞ்சர் ஆகும் ஒவ்வொரு முறையும் மூன்று கை வேண்டும்.

பிழை நடந்தது பிறேக்கில். 630இலிருந்து 622க்கு வந்தால் றிம் ஓரம் 4 மி.மீ. கீழே போகும். பிறேக் பொல்ட் துளையின் நடுவிலிருந்து கட்டை தொடும் இடம் வரை பழைய சில்லோடு முன்னால் 52, பின்னால் 55 மி.மீ. நாலைக் கூட்டினால் 56, 59. முன்னால் மட்டும் அளந்துவிட்டு 47–57 எட்டும் பிறேக்கை இரண்டுக்கும் வாங்கியதால், பின்கட்டை முழுக்க இறக்கியும் 2 மி.மீ. மேலே நின்று ரயரை உரசியது. ரயரை உரசும் கட்டை ஒரு கிழமையில் ரயர் ஓரத்தை அறுத்துவிடும். பின்னுக்கு 55–73 எட்டும் பிறேக் வேறாக எடுக்க வேண்டியதாயிற்று. இன்னொன்று: பழைய பிறேமில் பொல்ட் ஊடாக வந்து வெளியே சாதாரண நட் பிடிக்கும். இப்போதைய பிறேக்குகளில் பெரும்பாலும் உள்ளே புதைந்த நட். முன்னால் போர்க் முடியின் பின்சுவரை மட்டும் 8 மி.மீ.க்குத் துளைத்தார்கள். பின்பிறேக் பூட்டும் பின்பாலத்தைத் துளைக்கவில்லை, அது மெல்லியது. அதற்கு நட் வகையாகவே கேட்டு வாங்கினார்கள்.

வாங்கும் நாளில் விற்பவரிடம் பழைய பிறீவீல் கழற்றும் கருவியையும் கேட்பது நல்லது. இரண்டு வெட்டு, நாலு வெட்டு என்று அந்தக் கால வகைகள் பல. கருவி இல்லாமல் உளியால் அடித்தால் கொத்தும் போய்விடும். இங்கே அந்தச் சில்லு மாறியதால் தேவைப்படவில்லை.

எல்லாம் முடிய, வாங்கிய விலைக்கும் சற்று மேலே செலவு போனது. மொத்தம் புதியதன் விலையில் பாதியைத் தாண்டியது. இரண்டாவது பிறேக்கை விட்டால் பாதிக்குள் நின்றிருக்கும்.

ஒரு மாரிக்குப் பிறகு

700×32 ரயர், மட்காட்டோடு. பின்னுக்கு 65 பி.எஸ்.ஐ., முன்னுக்கு 55. 630 ரயரில் அடித்த 85ஐயே இதிலும் அடித்த முதல் கிழமை, கிரவலில் கை மரத்தது. குறைத்ததும் போய்விட்டது. பஞ்சர் பெரும்பாலும் நெருஞ்சியால், அதுவும் ஓரத்துக்கு ஒதுங்கி இறங்கும் இடங்களில். பழைய ரியூபை வெட்டி ரயருக்குள் வரியாக வைத்ததால் குறைந்தது, நின்றுவிடவில்லை.

பிறேமின் உள்ளே, எல்லாம் கழன்றிருந்த நாளிலேயே லின்சீட் ஓயில் விட்டுச் சுழற்றிக் காயவைத்திருந்தார்கள். தண்டுகளுக்குக் கிறீஸ். கிராங்க் அச்சுக் குழலின் அடியில் துளை இல்லை. 5 மி.மீ. துளை ஒன்று போட்டதில், கார்த்திகை மழைக்குப் பிறகு அரைக் கோப்பைத் தண்ணீர் வடிந்தது. இருக்கைக் குழாய் வழியாக இறங்கும் தண்ணீர் அது. கழுவுவதற்கு உவர் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், மழைநீர் போதும். இல்லாவிட்டால் ஈரத்துணி.

வெல்டிங் பற்றியும் ஒரு சொல். உழவு இயந்திரக் கலப்பைக்கு ஒட்டுவைக்கும் அதே ஆர்க் வெல்டிங்கை, நடுவில் 0.6 மி.மீ. மட்டுமே உள்ள குழாயில் வைத்தால் ஓட்டைதான் மிஞ்சும். பழைய பிறேமில் கவ்வி வெடித்தால் காஸ் கொண்டு பித்தளை ஒட்டு வைக்கத் தெரிந்தவரைத் தேட வேண்டும். ஊரில் வயதான சிலர் இன்னும் இருக்கிறார்கள்.

இதே கணக்கு எல்லோருக்கும் வராது. குமுழமுனைப் பக்கம் தினமும் 10 கி.மீ. கிரவலில் போகிறவருக்கு 38 மி.மீ. ரயர் வேண்டும். பழைய றோட் பிறேமில் சங்கிலித் தாங்கிகளுக்கு (பின்சில்லின் இருபுறமும் ஓடும் கீழ்க் குழாய்களுக்கு) இடையே அந்த அகலத்துக்கு இடம் கிடையாது, இதில் மட்காட் இல்லாமல் 35தான் உச்சம். 20 கிலோவுக்கு மேல் பின்கரியரில் ஏற்றுகிறவருக்கும், கரியர் மரை இல்லாத மெல்லிய பழைய பிறேம் பின்பக்கம் வால் ஆட்டும். உயரம் 160 செ.மீ.க்குக் கீழே உள்ளவருக்குப் பழையதில் 48, 49 அளவு தேடினால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்த மூவரும் புதியதை எடுக்கலாம், கூடவே டிஸ்க் பாட் இரண்டு சோடியும் 9 பல்லுச் செயின் ஒன்றும் சொல்லி வைக்கட்டும்.